அனுப்பியதும் சேர்ந்ததும்

வங்கிக் கிளைகளில் அன்றாடம் கேட்கும் உரையாடல் ஒன்று உண்டு. "மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறோம், ஐயா" என்பார் அலுவலர். "எனக்கு ஒன்றும் வரவில்லையே, சார்" என்பார் வாடிக்கையாளர். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றே பக்கத்து வரிசையில் நிற்பவர் எண்ணுவார். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையே. அஞ்சல் வங்கியின் சர்வரை விட்டுப் புறப்பட்டது; வாடிக்கையாளரின் கண்ணில் படவில்லை. இடையில் நின்று அதைத் தடுத்தது, குப்பை அஞ்சல்களைத் தடுப்பதற்கென வைக்கப்பட்ட காவல். கள்வனைத் தடுக்க வைத்த காவலாளி, வீட்டுக்காரரின் உறவினரையும் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடும் நிலை இது. அவ்வாறு நேரும்போது விளையும் இழப்பை யார் தாங்குவது என்பது, கணினித் துறையினருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி.

மின்னஞ்சல் பயணம் செய்யும் முறைக்கு அடிப்படையான எஸ்எம்டிபி விதிகளை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வகுத்தளித்தார். அன்று இணைப்பில் இருந்தவை பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் அரசுத் துறைகளும்தாம். ஒருவரையொருவர் அறிந்தவர்களின் உலகம் அது. எனவே, அனுப்புநர் தம்மை யார் என்று சொல்கிறாரோ அதை அப்படியே நம்பும் விதமாக அவ்விதிகள் அமைந்தன. அஞ்சல் உறையின் பின்புறத்தில் யார் வேண்டுமானாலும் எந்த முகவரியையும் எழுதலாம் என்பது போன்ற ஏற்பாடு. அந்த நம்பிக்கைக்கு ஊறு நேரும் என்பதற்கான அறிகுறி முன்பே தென்பட்டுவிட்டது. 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தூர்க், ஏறத்தாழ 400 பேருக்குத் தம் நிறுவனக் கணினிகளைப் பற்றிய விளம்பரத்தை ஒரே வீச்சில் அனுப்பினார். கேளாமல் வந்த முதல் விற்பனை மின்னஞ்சல் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். பின்னாளில் வந்த வெள்ளத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு துளி.

வெள்ளம் வந்ததும் அணைகளும் எழுந்தன. 1990களின் இறுதியில் குப்பை அஞ்சல் அனுப்பும் கணினிகளின் எண்களைத் திரட்டித் தடைப்பட்டியல் வெளியிடும் அமைப்புகள் தோன்றின. 1998 இல் தொடங்கிய ஸ்பேம்ஹவுஸ் அவற்றுள் நன்கறியப்பட்டது. 2002 இல் பால் கிரஹாம், அஞ்சலில் உள்ள சொற்களின் நிகழ்தகவைக் கணக்கிட்டு நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் வழியை விளக்கி எழுதினார். இன்று பெரிய அஞ்சல் நிறுவனங்கள் இவையனைத்தையும் கலந்து, தாமே கற்றுக்கொள்ளும் மென்பொருள்களையும் சேர்த்து, ஒவ்வொரு மடலுக்கும் நொடிப் பொழுதில் மதிப்பெண் இடுகின்றன.

இக்காவலைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. வங்கியின் பெயரில் வரும் போலி அஞ்சல்களால் சேமிப்பை இழந்தவர்கள் கிளைக்கு வந்து நிற்கும் கோலத்தை நாம் அறிவோம். வடிகட்டி இல்லாவிடில் அவர்களின் எண்ணிக்கை பன்மடங்காகும். ஆயினும், எந்த வடிகட்டியும் இருவகைப் பிழை செய்யும்: கெட்டதை உள்ளே விடலாம், நல்லதை வெளியே நிறுத்தலாம். முதற்பிழை கண்ணுக்குத் தெரியும், கூச்சல் எழும். இரண்டாம் பிழையோ ஓசையின்றி நிகழ்கிறது. வராத கடிதத்தைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை. அது வரவேண்டும் என்பதே தெரியாதபோது எப்படிச் செய்வது?

இங்கே வங்கிக்காரர்களுக்குப் பழகிய ஒப்புமை ஒன்றைச் சொல்லலாம். காசோலை பணமாகாமல் திரும்பினால், ஏன் திரும்பியது என்ற காரணச் சீட்டு உடன் வரும். போதிய தொகை இல்லை, கையொப்பம் மாறுபடுகிறது, தேதி கடந்துவிட்டது என்று ஏதோ ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். மின்னஞ்சலிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. பெறும் சர்வர் மடலை ஏற்காவிட்டால் ஐந்தில் தொடங்கும் மூன்றிலக்க எண்ணைச் சொல்லித் திருப்பிவிடும். தற்காலிக மறுப்பென்றால் நான்கில் தொடங்கும் எண். ஏற்றுக்கொண்டால் 250. அனுப்பிய கணினியின் பதிவேட்டில் 'சேர்ப்பிக்கப்பட்டது' என்று எழுதப்படுவது இந்த 250ஐக் கண்டுதான்.

ஆனால் 250 சொல்லி வாங்கிக்கொண்ட பிறகும் அந்த சர்வர் மடலை ஸ்பேம் பெட்டியில் போடலாம். நிறுவன சர்வரானால் தனியே சிறைவைக்கலாம். சில வேளைகளில் அழித்தும் விடலாம். எதற்கும் காரணச் சீட்டு வராது. காசோலையை முகப்பில் வாங்கி முத்திரையிட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே கொண்டுபோய் மேசையறையில் போட்டுப் பூட்டினால் எப்படியோ அப்படி. ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டியில் விழுந்தது 30 நாள்களில் தானே அழிந்துவிடும். மாதம் ஒருமுறை அஞ்சலைப் பார்க்கும் பழக்கமுள்ள பெரியவருக்கு, அப்படியொரு மடல் வந்து போன தடமே கிடைக்காது.

நேர்மையான மடல் ஏன் ஐயத்துக்கு உள்ளாகிறது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். வங்கி மடல்கள் இயல்பிலேயே ஐயத்துக்கு இடமளிப்பவை. 'கணக்கு', 'உடனடியாக', 'புதுப்பிக்காவிட்டால் முடக்கப்படும்', 'இங்கே அழுத்தவும்' என்ற சொற்கள் நம் அறிவிப்புகளிலும் உண்டு, மோசடிக்காரரின் மடல்களிலும் உண்டு. அவர்கள் வங்கியின் நடையைப் பார்த்துப் படியெடுக்கிறார்கள். படியைப் பார்த்துப் பழகிய வடிகட்டி மூலத்தையும் ஐயுறுகிறது. அதற்குமேல், கணக்கு அறிக்கையைக் கடவுச்சொல் இட்ட பிடிஎஃப் கோப்பாக அனுப்புகிறோம். வாடிக்கையாளரின் அந்தரங்கம் காக்க அது தேவை. ஆனால் பூட்டிய கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று வைரஸ் சோதனை செய்யும் மென்பொருளால் பார்க்கமுடியாது. தீநிரல் அனுப்புவோரும் இதே உத்தியைக் கையாள்வதால், பல அலுவலகங்களின் அஞ்சல் வாயில்கள் பூட்டிய இணைப்பு எதையும் உள்ளே விடுவதில்லை. அலுவலக முகவரியைக் கணக்கோடு பதிவு செய்திருப்பவருக்கு மாதாந்தர அறிக்கை வராமற்போக இதுவும் ஒரு காரணம்.

முகவரியின் நற்பெயர் என்பது இன்னொன்று. சூரத்தில் ஜவுளி ஏற்றுமதி செய்யும் நடுத்தர வணிகர் ஒருவர், தம் கடைப் பெயரில் இணைய முகவரி பெற்று, குறைந்த கட்டணத்தில் அஞ்சல் வசதி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அக்கட்டணத்தில் அவருக்குக் கிடைப்பது தனி சர்வர் அன்று. முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் பங்கிட்டுக்கொள்ளும் சர்வர். அவர்களில் ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினால் அந்த சர்வரின் எண் தடைப்பட்டியலில் ஏறிவிடும். மறுநாள் முதல் நம் வணிகரின் மடல்களும் திரும்பும். குடியிருப்பில் ஒருவர் கடனைக் கட்டவில்லை என்பதற்காக அந்தக் கட்டடத்தார் எவருக்கும் கடன் இல்லை என்று சொல்வதற்கு ஒப்பானது இது. வங்கியில் அப்படிச் செய்தால் பொறுப்பார்களா?

இந்த வணிகரின் நிலையில் கவனிக்கத்தக்க முரண் ஒன்றும் உண்டு. கடன்கடிதத்தின்கீழ் அவர் சமர்ப்பித்த ஆவணங்களில் குறை இருப்பதாக வெளிநாட்டு வங்கி தெரிவிப்பது ஸ்விஃப்ட் வழியாக. அனுப்பியவர், பெற்றவர், நேரம் என எல்லாம் பதிவாகும் உறுதியான வழி அது. அச்செய்தியை உள்ளூர்க் கிளை வணிகருக்குத் தெரிவிக்கும் கடைசி இரண்டு கிலோமீட்டர் தூரம் மட்டும் சாதாரண மின்னஞ்சலில் போகிறது. கடல் கடந்து வந்த சரக்கு, துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இடையே காணாமற்போவது போல.

அனுப்புநரை மெய்ப்பிக்கும் ஏற்பாடுகள் மூன்று இப்போது நடைமுறையில் உள்ளன. வங்கி மொழியிலேயே சொல்லிவிடலாம். எஸ்பிஎஃப் என்பது, நம் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அதிகாரம் உண்டு என்று வெளியிடும் பட்டியல். அதிகாரம் பெற்ற கையொப்பதாரர்களின் பட்டியலைப் போன்றது. டிகிம் என்பது மடலின்மேல் இடும் மின்முத்திரை. உள்ளே ஒரு சொல் மாறினாலும் முத்திரை பொருந்தாது. டிமார்க் என்பது, இவ்விரண்டில் ஒன்றுகூடப் பொருந்தாவிட்டால் மடலை என்ன செய்யவேண்டும் என்று அனுப்புநரே பெறுநரின் சர்வருக்கு விடுக்கும் நிலையான ஆணை. வங்கிகள் இவ்வாணையைக் கடுமையாக வைப்பது இயல்பு, சரியும்கூட.

ஆனால் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரைப் பாருங்கள். அவர் கணக்கில் பதிவாகியிருப்பது பழைய கல்லூரி முகவரி. அங்கு வருவதையெல்லாம் தம் சொந்த முகவரிக்குத் திருப்பிவிடும்படி அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வங்கி மடல் கல்லூரி சர்வருக்கு வரும். அங்கிருந்து மறுபடியும் புறப்படும். இரண்டாம் பயணத்தில் அதை அனுப்புவது கல்லூரி சர்வர். அது வங்கியின் பட்டியலில் இல்லை. முதற்சோதனை தோற்றது. கல்லூரி சர்வர் மடலின் அடியில் 'இது வெளியிலிருந்து வந்தது, எச்சரிக்கை' என்றொரு வரியைச் சேர்க்கும் வழக்கமுடையதானால் முத்திரையும் பொருந்தாமற்போகும். இரண்டும் தோற்றால், வங்கியின் ஆணைப்படியே, வங்கியின் உண்மையான மடல் மறுக்கப்படும். எவரும் தவறு செய்யவில்லை. மடல் மட்டும் இல்லை.

நேரத்தோடு விளையாடும் தடுப்பு ஒன்றும் உண்டு. முன்பின் அறியாத சர்வரிலிருந்து வரும் மடலை முதல் முறை 'பிறகு வா' என்று திருப்பிவிட்டு, மறுபடி வந்தால் ஏற்பது. குப்பை அனுப்புவோர் பெரும்பாலும் மறுபடி முயலமாட்டார்கள் என்ற கணிப்பில் 2003 முதல் வழக்கில் உள்ள உத்தி. வட்டிச் சான்றிதழுக்குக் கால் மணி தாமதம் பொருட்டன்று. பத்து நிமிடமே செல்லுபடியாகும் ஓடிபிக்கு அது மரணம்.

தடுப்பு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணங்களும் இருக்கின்றன. 2004 இறுதியில் அமெரிக்காவின் வெரைசான் நிறுவனம், குப்பை அஞ்சலைக் குறைப்பதாகக் கருதி, ஐரோப்பா, ஆசியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த அஞ்சல்களைத் தடுத்தது. உற்றார் மடலும் வணிக மடலும் கிடைக்காமற்போன வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2006 இல் இழப்பீடு வழங்கும் உடன்பாட்டில் அது முடிந்தது. நம் நாட்டில் மின்னஞ்சல் அன்றி எஸ்எம்எஸ்ஸில் இதை ஒத்த அனுபவம் நேர்ந்தது. முன்பதிவு செய்யாத வணிகச் செய்திகளை வடிகட்டும் முறையை 2021 மார்ச் 8 அன்று தொலைபேசி நிறுவனங்கள் முழுமையாக நடைமுறைப்படுத்தியதும், பல வங்கிகளின் ஓடிபிகளும் சேர்ந்தே நின்றுபோயின. கடைகளிலும் வீடுகளிலும் பணம் செலுத்தமுடியாமல் மக்கள் தவித்தனர். டிராய் மறுநாளே தலையிட்டு ஒரு வாரத்துக்கு அதை நிறுத்திவைத்தது. ஒரே நாளில், எல்லோருக்கும், ஒருசேர நேர்ந்ததால் அது தலைப்புச் செய்தியாயிற்று. மின்னஞ்சலில் நேர்வது ஒருவருக்கு இன்று, மற்றொருவருக்கு நாளை என்று சிதறி நேர்கிறது, ஆகவே செய்தியாவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால்தான் இதன் கனம் புரியும். 1897 ஆம் ஆண்டின் பொது விளக்கச் சட்டம், 27 ஆம் பிரிவில், சரியான முகவரியிட்டுக் கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், மாறாக நிரூபிக்கப்படாதவரை, வழக்கமான அஞ்சல் காலத்தில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. அந்த அனுமானத்தின் பின்னே ஒரு தபால்காரரும், கையொப்பமிட்ட ஒப்புகை அட்டையும் இருந்தன. (பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது என்பது வேறு செய்தி.) மின்னாவணத்துக்கு 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 13 ஆம் பிரிவில் விதி வகுத்தது. பெறுநர் இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று ஒரு கணினி வசதியைக் குறித்துக் கொடுத்திருந்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, மடல் அதனுள் நுழைந்த நேரமே அது பெறப்பட்ட நேரம்.

நுழைந்த நேரம் என்பதைக் கவனிக்கவேண்டும். படித்த நேரம் அன்று. ஸ்பேம் பெட்டியும் அந்தக் கணினி வசதியின் ஒரு பகுதிதானே என்று வாதிட இடமிருக்கிறது. சட்டம் இயற்றப்பட்ட 2000 இல், பெட்டிக்குள் வந்த மடல் கண்ணுக்குத் தெரியும் என்று எண்ணியதில் பிழையில்லை. சொற்களை எடைபோட்டுப் பிரிக்கும் வடிகட்டிகள் பரவலானது அதற்குப் பிறகே. இடையில் காவலாளி ஒருவர் வந்து அமர்ந்துவிட்டார். விதி அவர் வருவதற்கு முன்னிருந்த வீட்டையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

இதன் பண மதிப்பு என்ன? 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் அவருடைய பொறுப்புக்கு எல்லை வகுத்தது. பிழை வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ என்ற நிலையில், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்துவிட்டால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. நான்கு முதல் ஏழு நாள்களுக்குள் என்றால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில், பரிவர்த்தனைத் தொகை அல்லது 10,000 ரூபாய், இவற்றில் குறைந்தது அவர் பொறுப்பு. அதற்கும் பிந்தினால் வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படி. மூன்று நாள் எப்போது தொடங்குகிறது? தகவல் கிடைத்தது முதல். கிடைத்தது என்பது 250ஆ, ஸ்பேம் பெட்டியா, கண்ணா?

நல்லவேளையாக அதே சுற்றறிக்கை எஸ்எம்எஸ் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது; மின்னஞ்சல் எச்சரிக்கை, முகவரி பதிவு செய்தவர்களுக்குக் கூடுதல் வழி. ஒரு வழி அடைபட்டாலும் மற்றது திறந்திருக்கும் என்பதே அதன் பொருள். இந்த அறிவு பணம் எடுக்கப்பட்ட எச்சரிக்கையோடு நின்றுவிடக் கூடாது என்பது நம் கருத்து. எந்தெந்த மடல் வாடிக்கையாளருக்கு ஒரு கெடுவைத் தொடங்கிவைக்கிறதோ, அந்த மடல் எதுவும் மின்னஞ்சலை மட்டும் நம்பிப் புறப்படலாகாது. வாடிக்கையாளர் விவரங்களைப் புதுப்பிக்கும் கடைசித் தேதி, வைப்புத்தொகை முதிர்வு, பெட்டக வாடகை, கடன் வட்டி விகித மாற்றம், கட்டண உயர்வு இவையெல்லாம் கெடு வைப்பவை. இவற்றுக்கு மின்னஞ்சலோடு குறுஞ்செய்தியோ, செயலியில் அறிவிப்போ, முதியவர்களுக்குக் காகிதக் கடிதமோ சேர்ந்து போகவேண்டும். 'அனுப்பியதற்குப் பதிவு இருக்கிறது' என்பதை வங்கி தன் தற்காப்பாகக் கொள்வது சட்டப்படி செல்லலாம்; வாடிக்கையாளர் உறவில் செல்லாது.

செலவாகுமே என்பார்கள். ஆகும். குறுஞ்செய்திக்குச் சில பைசாக்கள், கடிதத்துக்குச் சில ரூபாய்கள். பெறுநரின் சர்வர் செய்யும் பிழைக்கு வங்கி எப்படிப் பொறுப்பாகும் என்றும் கேட்பார்கள். பொறுப்பாகாதுதான். ஆனால் மின்னஞ்சலுக்கு மாறியதில் அச்சுச் செலவும் அஞ்சல் செலவும் மிச்சமானது வங்கிகளுக்கே. மிச்சத்தின் பலன் ஒருவருக்கும், அதன் ஆபத்து மற்றொருவருக்கும் என்பது வணிகவியல் படித்த எவருக்கும் சரியான கணக்காகத் தோன்றாது.

திரும்பி வந்த மடல்களின் பட்டியலை யார் பார்க்கிறார்கள் என்பதும் கேட்கத்தக்க கேள்வி. ஐந்தாம் எண்ணோடு திரும்பிய ஒவ்வொரு மடலும், 'இவரை எட்டமுடியவில்லை' என்று ஒரு வாடிக்கையாளரின் பெயரைச் சொல்கிறது. அந்தப் பெயர் தலைமையகக் கணினியிலேயே தங்கிவிடாமல் கிளைக்கு வரவேண்டும்; அடுத்த முறை அவர் முகப்புக்கு வரும்போதோ தொலைபேசியிலோ முகவரியைச் சரிபார்க்கவேண்டும். திரும்பிய காசோலையை வங்கி எவ்வளவு கவனமாகக் கையாள்கிறதோ அவ்வளவு கவனம் திரும்பிய மடலுக்கும் தகும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். நம் துறையின் விற்பனைப் பிரிவு நண்பர்களுக்கு இது உவப்பாக இராது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோர்க்குக் கட்டுப்பாடுகளை இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்குமேல் அனுப்புவோர் மேற்சொன்ன மூன்று மெய்ப்பிப்புகளையும் வைத்திருக்கவேண்டும். விளம்பர மடல்களை ஒரே அழுத்தில் நிறுத்தும் வசதி தரவேண்டும். பெறுவோர் 'ஸ்பேம்' என்று புகார் செய்யும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டலாகாது. ஆயிரம் பேரில் மூன்று பேர் என்பதே அந்த எல்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள். முன் ஒப்புதல் பெற்ற கடன், பண்டிகைக்காலக் கிரெடிட் கார்டு சலுகை, காப்பீட்டுத் திட்டம் என்று வாரம் நான்கு மடல் வந்தால், சலித்துப்போன ஒருவர் என்ன செய்வார்? 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார். அதில் தவறில்லை. ஆனால் அந்த அழுத்தல் அந்த விளம்பரத்தோடு நிற்பதில்லை. மடல் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதன் நற்பெயரில் கீறலாக விழுகிறது. அதே முகவரியிலிருந்து மறுநாள் புறப்படும் கணக்கு அறிக்கை அந்தக் கீறலையும் சுமந்துகொண்டே போகிறது. விளம்பரத்தையும் அறிவிப்பையும் ஒரே பையில் போட்டு அனுப்பலாகாது. இரண்டுக்கும் தனித்தனி முகவரிகள் வேண்டும்; விளம்பரம் வேண்டாம் என்பவருக்கு அது உடனே நிற்கவேண்டும். கடன் விளம்பரம் ஒன்று குறைந்தால் ஒரு கடன் போகலாம். அறிவிப்பு ஒன்று தொலைந்தால் வாடிக்கையாளரே போவார்.

இதுவரை வங்கியிலிருந்து வாடிக்கையாளருக்குப் போகும் வழியைப் பேசினோம். எதிர்த்திசையிலும் இதே காவல் இருக்கிறது. அங்கே ஆபத்து இன்னும் கூடுதல். வங்கிகளின் அஞ்சல் வாயில் மற்றெவருடையதையும்விடக் கடுமையானது. காணாமற்போன காசோலையை நிறுத்தச் சொல்லியோ, அறியாத பரிவர்த்தனையைப் புகார் செய்தோ, திரைப்படங்களையும் ஆவணங்களையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பும் மடல் அங்கே நின்றுவிடலாம். வாடிக்கையாளர் தாம் தெரிவித்துவிட்டதாக நிம்மதியாக இருப்பார். மூன்று நாளும் கழிந்துவிடும்.

இதற்குத் தீர்வு அந்த 2017 சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. வங்கி அனுப்பும் எச்சரிக்கைக்கு அப்படியே பதில் அனுப்பி மறுப்பைத் தெரிவிக்க வசதி இருக்கவேண்டும். வேறு முகவரியைத் தேடி வாடிக்கையாளர் அலையும்படி வைக்கலாகாது. புகார் வந்ததும் பதிவெண்ணோடு உடனே ஒப்புகை போகவேண்டும். 'இம்மடலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று அடியில் அச்சிட்டு அனுப்பும் வழக்கம், எச்சரிக்கை மடல்களைப் பொறுத்தவரை, இதன் உணர்வுக்கே எதிரானது. வாடிக்கையாளர்கள் தரப்பில் கைக்கொள்ள வேண்டியது எளிது: புகார்ப் பதிவெண் வரவில்லையெனில் புகார் போய்ச் சேரவில்லை என்றே கொள்ளவேண்டும். உடனே வங்கியின் தொலைபேசிச் சேவையை அழைக்கலாம், கிளைக்கு வரலாம். மோசடியில் பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் தாமதமின்றி அழைக்கவேண்டும். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வேளை அதுவன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. 'ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள்' என்று நாம் சொல்லும்போதே தயக்கம் எழுகிறது. நம் மடல் ஒன்று அங்கே கிடக்குமானால், நம் பெயர் தாங்கிய போலி மடல்கள் பத்து அதன் பக்கத்தில் கிடக்கும். உண்மையானதை எடுக்கப்போய்ப் போலியைத் திறந்துவிடக் கூடாது. ரிசர்வ் வங்கி 2025 இல் எடுத்த நடவடிக்கை இதற்கு ஓரளவு உதவும். இந்திய வங்கிகள் தம் இணைய முகவரிகளை .பேங்க்.இன் என்று முடியும் பெயருக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்றிக்கொள்ளும்படி அது பணித்தது. ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே அப்பெயர்களைப் பதிவு செய்து தரும்; வங்கி அல்லாத எவரும் அதைப் பெறமுடியாது.

நல்ல ஏற்பாடு, ஆயினும் வடிகட்டியின் கண்ணில் எந்தப் புதுப் பெயரும் அந்நியமே. நேற்றுவரை மடலே அனுப்பாத முகவரியிலிருந்து இன்று இலட்சக்கணக்கில் மடல் வந்தால் அது ஐயுறத்தான் செய்யும். வாடிக்கையாளர்கள் முன்பு தாமே அமைத்துவைத்த விதிகளும், பாதுகாப்பான முகவரி என்று குறித்துவைத்தவையும் பழைய பெயருக்கே உரியவை. புதிய பெயரை அவை அறியா. வங்கி முகவரி மாறினால் அவற்றையும் மாற்றியாகவேண்டும்.

ஆகவே, வரவேண்டிய அறிக்கை குறித்த நாளில் வராவிட்டால், ஸ்பேம் பெட்டியைத் திறந்து, மடலின் மேலே காட்டும் பெயரைப் பாராமல், அனுப்பிய முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். வங்கி அறிவித்துள்ள முகவரியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால், 'ஸ்பேம் அல்ல' என்று குறியிட்டு, அம்முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேருங்கள். பொருந்தாவிட்டால் உள்ளிருக்கும் எதையும் தொடாமல் விட்டுவிடுங்கள். ஐயமாக இருந்தால் நெட்பேங்கிங்கில் நுழைந்து அதே அறிக்கை அங்கே இருக்கிறதா என்று பார்க்கலாம். அடுத்த முறை கிளைக்கு வரும்போது, கணக்கோடு பதிவாகியிருப்பது எந்த முகவரி என்று ஒருமுறை கேளுங்கள். பழைய அலுவலகத்தினுடையதோ, மகன் கல்லூரியில் படித்தபோது திறந்து கொடுத்து இப்போது கடவுச்சொல் மறந்துபோனதோ ஆக இருந்தால், மாற்றித் தருவதற்கான படிவம் முகப்பிலேயே கிடைக்கும்.